சிங்கப்பூர் தளமும் என் தலை ஆடியும்

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவரைப் பற்றி எங்கள் வீட்டில் சொன்ன முதல் விஷயம், அவர் வேலை பார்க்கிற இடத்தில் இருக்கும் பீரங்கிகளைப் பற்றியது. வயது, படிப்பு, குணமெல்லாம் அப்புறம்தான் வந்தன. "வெள்ளைக்காரன் சிங்கப்பூர்ல கட்டியிருக்க கப்பல்படைத் தளத்துல ஸ்டோர் கிளார்க்கு. அங்கன உள்ள பீரங்கிக் குண்டு ஒண்ணு நம்ம வண்டிமாட்டு எடை இருக்குமாம்" என்றார் அப்பா. மாட்டு எடைக் குண்டுக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 1941-ல் தென்காசியில் கல்யாணப் பெண்ணுக்குக் கேள்வி கேட்கும் வேலை கிடையாது.

அப்பாவுக்குப் புண்ணாக்கு மண்டி. அது பெயருக்குத்தான். அவருடைய உண்மையான தொழில் உலக யுத்தத்தை நடத்துவது. ரயிலில் வரும் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, மண்டிச் சுவரில் ஒட்டிய உலகப்படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாசிப்பார். எந்தத் தளபதி எங்கே தப்புச் செய்தான், அவன் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று விளக்குவார். அதைக் கேட்டு முடித்தால்தான் புண்ணாக்கு கைக்கு வரும். அதனால் எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஜிப்ரால்டர் தெரிந்திருந்தது.

சிற்றாற்று அணைக்கட்டுகளில் மேல்மடைக்காரர்களும் கீழ்மடைக்காரர்களும் வருஷம் தவறாமல் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர் அப்பா. உலகமும் அதே வயல்தான் என்பது அவருடைய கட்சி.

"ஜிப்ரால்டர் ஒரு மடை. சூயஸ் ஒரு மடை. ஏடன், திருக்கோணமலை, சிங்கப்பூர் எல்லாமே மடை. மடைவாயில எவன் உக்காந்திருக்கானோ, அவன் தொறந்தாத்தான் மத்தவனுக்குத் தண்ணி. வெள்ளைக்காரன் அம்புட்டு மடையிலயும் உக்காந்திருக்கான். செருமன்காரனுக்கும் சப்பான்காரனுக்கும் அதுதான் வயித்தெரிச்சல். வேற ஒண்ணுமில்ல."

பின்னாளில் இந்த விஷயத்தைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். அப்பா சொன்னதற்கு மேல் அவர்கள் அதிகமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

மாப்பிள்ளை சுந்தரபாண்டியபுரத்துக்காரர். ஐந்து வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு நாலு மாத லீவில் வந்திருந்தார். வாய்ப்பேச்சில் அப்பாவுக்குக் கொஞ்சமும் சளைத்தவரில்லை. பெண் பார்க்க வந்தவரிடம் அப்பா என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கப்பலை இழுத்துவந்து பழுது பார்க்கிற டாக் எவ்வளவு பெரிது என்று கேட்டார். "நம்ம கோயில் மொட்டைக் கோபுரத்தைப் படுக்கப்போட்டாலும் உள்ள எடம் மிச்சம் இருக்கும் மாமா. தேரையும் நிறுத்திக்கிடலாம்" என்றார் இவர். சம்பந்தம் பேசுவதற்கு முன்னாலேயே "மாமா" வந்துவிட்டது. அப்பாவுக்கு முகமெல்லாம் பல். காப்பி ஆறுவதற்குள் நிச்சயம் முடிந்துவிட்டது.

ஆனி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு மாதம் இருந்தேன். மனிதர் நல்லவர்தான், பொய்தான் கொஞ்சம் கூடுதல் என்று நான் கண்டுபிடிப்பதற்குள் ஆடி வந்துவிட்டது. தலை ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். மாதம் முடிகிற வரை புருஷன் பெண்டாட்டி பார்த்துக்கொள்ளக் கூடாது. ஆடியில் கருவுற்றால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்ற பயம்.

ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு. ஆடி என்றால் குற்றாலத்தில் சீசன். சாரல் அடிக்கிற மாதத்தில் அருவியில் குளிக்காதே என்று யாரையும் சொல்ல முடியாது. பிரித்து வைத்த மாப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் திடீரென்று உடம்புச் சூடு வந்துவிடும். பிரித்து வைத்த பெண்களுக்கும் வரும். ஆண்கள் பக்கம் அவர்கள், பெண்கள் பக்கம் நாங்கள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு மங்குஸ்தான் பழக்கடையில் பேரம் பேசிக்கொண்டு நின்றால், அதே கடையில் இன்னொருவரும் பேரம் பேசிக்கொண்டு நிற்பார். பெரியவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஆடியில் நாங்கள் வாங்கிய மங்குஸ்தான் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பாவும் சீசன் முழுக்க வில்வண்டியில் வந்துவிடுவார். எண்ணெய் தேய்த்து, குளித்து, பாறையில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்ததும் யுத்தம் ஆரம்பமாகும். அப்படி ஒரு காலையில்தான் என்னைப் பற்றிய முடிவை எடுத்தார். லீவு முடிந்து ஆவணியில் கப்பலேறுகிற மாப்பிள்ளையோடு நானும் போக வேண்டும்.

"போன சண்டையில செருமன்காரன் எம்டன் கப்பல்ல வந்து மெட்ராஸ்ல குண்டு போட்டுட்டுப் போனான். இந்தச் சண்டையில எங்கன போடுவானோ, யாரு கண்டா? இன்னைக்குத் தேதிக்கு உலகத்துலயே பத்திரமான எடம் சிங்கப்பூர்தான். நம்ம பிள்ளை அங்கன இருக்கட்டும்" என்றார். ரெண்டு டிக்கெட்டுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்.

அடுத்த வாரம் பத்திரிகையில், ஜப்பான்காரன் இந்தோசீனாவில் இன்னும் கீழே இறங்கிவிட்டான் என்று செய்தி வந்தது. அப்பாவுக்கு ஒரே உற்சாகம். "வரட்டும், வரட்டும். மாட்டு எடைக் குண்டு காத்துக்கிட்டு இருக்கு" என்று பாறையில் உட்கார்ந்து தொடையைத் தட்டினார். அன்று பழக்கடைக்கு வந்த என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"இங்க பாரு, உங்கப்பா கிட்ட எதையாவது சொல்லி நீ வரதை நிறுத்து" என்றார்.

"ஏன்?"

"அங்கன கப்பல் இல்ல."

"நாம போற கப்பலா?"

"சண்டைக் கப்பல். தளம் இருக்கு, டாக்கு இருக்கு, பீரங்கி இருக்கு. கப்பல்தான் இல்ல. அஞ்சு வருசமா இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னுதான் சொல்லுதான். அதுகளுக்கு அடிக்கணும்னு சாம்பல் கலர் பெயிண்ட் சீமையிலேருந்து வந்து எறங்கிக்கிட்டே இருக்கு. நாந்தான் எடுத்து அடுக்குதேன். டின்னோட துருப்பிடிச்சுக் கெடக்கு. அடிக்கதுக்குக் கப்பல் இல்ல."

"பெறகு ஏன் எங்கப்பா கிட்ட அம்புட்டுப் பெருமை அடிச்சீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல பெயிண்ட் டின்னு துருப்பிடிக்குதுன்னா சொல்லுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்த நேரத்தில் ஒரு குரங்கு என் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது. "உள்ளதை உள்ளபடி அப்பா கிட்டயே சொல்லிருங்க" என்றேன். நான் அவருக்குச் சொன்ன முதல் யோசனை அது. அதைவிட மோசமான யோசனையை அதற்குப் பிறகும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

மறுநாள் அவர் போய்ச் சொன்னார். அப்பா பாறையில் குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். "மாமா, மடை கட்டியிருக்கான், காவலுக்கு ஆள் இல்ல" என்று ஆரம்பித்துப் பெயிண்ட் டின் வரை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அப்பா எழுந்திருக்கவே இல்லையாம். "ம், ம்" என்று கேட்டுக்கொண்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு அங்கன ஒரு குடும்பம் இருக்கு" என்றார்.

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அப்பா விளக்கினார். "பினாங்கு, ரங்கூன்னு போனவன் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்? பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக இஷ்டமில்லாதவன் எவன் நேராச் சொல்லுதான்? ஒருத்தன் வீடு கெடைக்கலேம்பான். ஒருத்தன் காய்ச்சக் காடும்பான். இவரு படிச்சவரு, கப்பல் இல்லேங்காரு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கத் திறக்க விஷயம் கெட்டுப்போனது. கோயிலில் சத்தியம் செய்கிறேன் என்றார். இவ்வளவு துடிக்கிறாரே, குழந்தையும் இருக்கும் போலிருக்கிறது என்றார்கள். என் மாமியாரை வரவழைத்துக் கேட்டார்கள். அந்த அம்மாளுக்குத் தன் மகன் மேல் எங்கள் அப்பாவைவிடச் சந்தேகம். "கூடவே அனுப்பி வையுங்க, எவளா இருந்தாலும் ஓடிப் போயிருவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு நாள் நானும் அதை நம்பினேன். அருவிக்குப் போகவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு மூக்குத்தி, கொண்டை, சேலை எல்லாம் போட்டுப் பார்த்து, எனக்கு நானே எரிந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பழக்கடைக்குப் போய் அவர் முன்னால் நின்று, "நான் வாரேன். கூட்டிட்டுப் போங்க" என்றேன். மாட்டிக்கொண்டவன் முழிப்பானே, அந்த முழியைப் பார்க்கத்தான் சொன்னேன். அவர் முழிக்கவில்லை. சாரலில் நனைந்துகொண்டு, "சண்டைன்னு வந்தா உன்னை எங்கன கொண்டுபோய் ஒளிச்சு வைப்பேன்? எனக்குத் தெரியலையே" என்றார். அது பயந்தவர் குரல், எனக்காகப் பயந்தவர் குரல்.

"அப்போ நீங்களும் போகாதீங்க" என்றேன்.

யுத்த காலத்தில் தளத்து வேலையை விட்டு நின்றால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அவர் நம்பினார். போய் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் ஊரோடு வந்துவிடுவதாகச் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நான் போகாமல் இருப்பதற்கு அப்பா ஒத்துக்கொள்ளக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் இருந்தது. அதைத் தேடி நான் எங்கும் போகவில்லை. ஆடி பாதி கழிந்தபோது அதுவே வீட்டுக்குள் வந்தது.

அந்தக் காலத்தில் மாதா மாதம் மூன்று நாள் பெண்கள் வீட்டின் பின்கட்டில் ஒதுங்கி உட்கார வேண்டும். தட்டு தனி, பாய் தனி. யாருக்கு எப்போது என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். என் நாள் வந்தது. நான் ஒதுங்கவில்லை. ஒன்றுமே நடக்காதது மாதிரி அடுப்படியில் நின்றேன், மாவு ஆட்டினேன். சாயங்காலம் அம்மா சொன்னபடி சாமி விளக்கையும் ஏற்றினேன். சாமி கண்ணைக் குத்தும் என்று வளர்ந்தவள் நான். அந்த மூன்று நாளும் நான் பட்ட பயத்துக்கு முன்னால் பிற்பாடு வந்த யுத்தப் பயம் ஒன்றுமேயில்லை.

பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஐந்தாம் நாள் அம்மாவே கணக்குப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, உனக்கு நாள் தள்ளிப்போகுதே?" என்றாள். நான் தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அம்மா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா மண்டியை அடைத்துவிட்டு அல்வாவோடு வந்தார். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கப்பலேற்றுகிறவர்கள் உண்டா? ஒரு டிக்கெட் ரத்தானது.

என் வீட்டுக்காரரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆவணி பிறந்து அவர் வந்தபோது வீடு நிறைய ஆட்கள். ஆனால் அது காரணமில்லை. மனமிருந்தால் அரை நிமிஷம் கிடைத்திருக்கும். இவருக்கு வாய் நிற்காது என்று எனக்குத் தெரியும். உண்மை தெரிந்தால், "என் பொண்டாட்டி மூளையைப் பாத்தீங்களா" என்று ரயிலேறுவதற்குள் நாலு பேரிடம் பெருமை அடித்துவிடுவார். கப்பலேறிய பிறகு கடிதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். தென்காசி ஸ்டேஷனில், அப்பா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, இவர் ஜன்னல் வழியாகக் குனிந்து, "ரெண்டு பேரும் பத்திரமா இருங்க" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை ஒரு மனிதர் முகத்தில் நான் அதுவரை கண்டதில்லை. நான் சரி என்று தலையாட்டினேன்.

ஆவணியிலும் அதே மாதிரி ஒதுங்காமல் ஓட்டிவிட்டு, புரட்டாசியில் நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். கரு தங்கவில்லை என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மாமியார் வந்து, அருவியில் போய்த் தலையைக் கொடுத்தால் எப்படித் தங்கும் என்று கேட்டுவிட்டுப் போனார். அதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். செய்த வேலைக்கு அது போதாது என்றுகூடத் தோன்றியது. "மாப்பிள்ளைக்கு நீயே எழுதிரு தாயி, நாங்க எழுதுனா நல்லாயிருக்காது" என்று அப்பா சொல்லிவிட்டார்.

எழுத உட்காருவேன். அதற்குள் அவருடைய கடிதம் ஒன்று வந்துவிடும். தளத்தைப் பற்றி எழுதக் கூடாது என்பதால் பிள்ளையைப் பற்றியே நாலு பக்கம் எழுதுவார். பங்குனியில் பிறக்கும், மகன்தான், சந்தேகமே இல்லை. மூக்கு என்னைப் போல இருக்க வேண்டும், படிப்பு அவரைப் போல. ஸ்டோரில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கு இப்போதே மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டாராம். அப்பா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் அடுத்த வாரம் எழுதலாம் என்று தள்ளிவைப்பேன். அப்படியே ஐப்பசி போயிற்று. கார்த்திகையில் ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதி, நானே போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

அந்தக் கடிதம் போய்ச்சேரவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அதே கார்த்திகையில் ரெண்டு பெரிய கப்பல்கள் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்தன. "பாத்தியா, கப்பல் வந்துட்டு!" என்று அப்பா பத்திரிகையோடு அடுப்படி வரை ஓடிவந்தார். ஜப்பான்காரன் சண்டையை ஆரம்பித்த சில நாளிலேயே ரெண்டும் கடலுக்கடியில் போய்விட்டன. மாசி பிறந்த கையோடு தளமும் போயிற்று. ஜப்பான்காரன் கடல் பக்கமாக வராமல், காட்டு வழியாக இறங்கிப் பின்வாசலால் நுழைந்திருந்தான். அன்று அப்பா மண்டிக்குப் போகவில்லை. "அந்த மனுசன் சொன்னாரே. பாறையில நின்னுக்கிட்டு வாய் விட்டுச் சொன்னாரே. நான் பொம்பளை சமாச்சாரம்னுல்ல நெனச்சேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கரு உன்னைக் காப்பாத்திட்டுப் போயிருச்சு" என்றார். ஒவ்வொரு பங்குனியிலும் அந்தப் பிள்ளையை நினைத்துக் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தார்.

நாலு வருஷம் கடிதம் இல்லை. வந்தவர் போனவர் எல்லாம் என்னை விசாரித்தார்கள். தகவல் உண்டா, ஜாதகம் பார்த்தாச்சா, குங்குமம் வைத்துக்கொள்கிறாயா, எத்தனை நாள் பொறுப்பாய் என்றெல்லாம் கேட்டார்கள். அக்கறையாகத்தான் கேட்டார்கள். எனக்குத்தான் பதில் சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோயிற்று.

நாற்பத்தாறு தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு கார்டு வந்தது. "உயிரோடு இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வருகிறேன்." அவ்வளவுதான். அவருடைய கையெழுத்துத்தான், ஆனால் அவ்வளவு சுருக்கமாக அவர் எழுதியதே இல்லை. அப்பா ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தார். வாசலில் இறங்கியவரை எனக்கு நடையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. உடம்பு பாதியாக இருந்தது. ஜப்பான்காரன் காட்டில் தண்டவாளம் போடக் கொண்டுபோனானாம். எல்லோரும் சுற்றி நின்று கையைப் பிடித்தார்கள், அழுதார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். ஆனால் கண் மட்டும் கீழேயே, எல்லோருடைய முழங்கால் உயரத்தில், கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தது. கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம்.

வீட்டில் வேறு யாருக்கும் அது புரியவில்லை. நான் எழுதிவிட்டேன், அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்தது. அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். உட்காரவைத்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். பிள்ளை தங்காமல் போகவில்லை, பிள்ளையே இல்லை என்று சொன்னேன். ஒதுங்காமல் விளக்கேற்றியது, ஸ்டேஷனில் தலையாட்டியது, கடிதத்தைத் தள்ளித் தள்ளி வைத்தது, எல்லாமே சொன்னேன்.

அவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். உள்ளே ஒரு சின்னச் சட்டை. "எத்தனை வயசுக்குன்னு கடைக்காரன் கேட்டான். நாலுன்னேன்" என்றார். அடிப்பார், கத்துவார், எழுந்து போய்விடுவார் என்று நான் காத்திருந்தேன். எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவர் சட்டையைத் திரும்ப மடித்துக் காகிதத்தில் சுற்றினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்போ, இத்தன வருசமும் நீ ஒத்தையிலயா இருந்தே? பிள்ளை கூட இருக்கு, நீ தனியா இல்லன்னு நெனச்சுக்கிட்டுல்லா நான் அங்கன கெடந்தேன்" என்றார்.

நாலு வருஷத்தில் ஊரே என்னிடம் என்னென்னவோ கேட்டிருந்தது. அதை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.